ஏரியைப் பார்த்துக் கட்டிய ஸ்பீக்கர்

டிசம்பர் 14, ஞாயிறு

காயத்ரிக்கு ஏழாம் மாதம் முடியப்போகிறது. டாக்டரம்மா படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார். ஏற்கெனவே இரண்டு தங்கவில்லை. அதனால் பெரியபாளையத்தாளிடம் வாய் திறந்து வேண்டிக்கொண்டேன்: எங்கள் ஏரிக்கரை அம்மன் கோயிலில் மார்கழி முழுக்க ஒரு நாள் விடாமல் பாட்டு போடுகிறேன், என் பெண் படுத்த இடத்திலிருந்தே கேட்கட்டும். புது ஸ்பீக்கரும் வாங்கிக் கொடுத்துவிட்டேன். கோயில் அந்தக் கரை, எங்கள் வீடு இந்தக் கரை. ஏரியைப் பார்த்துக் கட்டுங்கள் என்று பூசாரி பரசுராமன் அண்ணனிடம் சொல்லியாகிவிட்டது.

டிசம்பர் 16

முதல் நாள். நாலரைக்குப் போடச் சொன்னேன், பூசாரி எழுந்து வரவே ஆறாகிவிட்டது. காயத்ரி, "ஜன்னல மூடினாலும் கேக்குதும்மா" என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

டிசம்பர் 21, ஞாயிறு

புதுவாயலில் இருந்து மோனிகா வந்தாள். கம்பெனி கேன்டீனில் பதினோரு வருஷம் ஒன்றாகக் காய் வெட்டியவர்கள் நாங்கள். வேலையை விட்டதும் நான் கோயிலைப் பிடித்தேன், அவள் பறவையைப் பிடித்தாள். வருஷா வருஷம் ஜனவரி முதல் ஞாயிறு எங்கள் ஏரியில் அவள் பறவை எண்ணுவாள், நான் நோட்டில் எழுதுவேன்.

இந்த வருஷம் அவளுக்குப் பயம். மேற்குப் பக்கம் மண்ணைக் கொட்டி லாரி நிறுத்த ஒரு கம்பெனி கேட்டிருக்கிறதாம். அதை முடிவு செய்யப் பிப்ரவரியில் கூட்டம்.

"போன வருசம் ஆயிரத்து நூத்தி முப்பது. அந்த நம்பரு இந்த வருசமும் வந்துச்சுனா மண்ணு கொட்ட உட மாட்டாங்கக்கா. ஆனா ஒண்ணையும் காணோமே. தண்ணி கீது, மீனு கீது. இன்னாத்துக்கு வரலன்னே தெர்ல."

ஆகாயத்தாமரை மண்டிக்கிடக்கு, அதாக இருக்கும் என்று நான்தான் பெரிய ஆள் மாதிரி சொன்னேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

விடியும் முன்னே மோனிகா ஸ்கூட்டியில் கூட்டிப்போனாள். பனி மூக்கை அறுத்தது. தென்கரை வேலிக்கருவைக்குப் பின்னால் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்தோம், ஃபிளாஸ்கில் டீ. "வாய மூடிக்கினு இரு, ஒனக்கு அதான கஷ்டம்" என்றாள்.

வெளுக்கும்போது பார்த்தால், இருக்கிறது! ராத்திரியே வந்து இறங்கியிருக்கிறது எல்லாம். ஊசிவால் வாத்து, நாமக்கோழி, தலையில் இரண்டு கறுப்புக் கோடு போட்ட வரித்தலை வாத்து. இமயமலையைத் தாண்டி வருமாம் அது. பைனாகுலரில் பார்த்தேன். ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது, முதுகுக்குள் மூக்கைச் செருகிக்கொண்டு.

அப்போது ஆறு மணி. முதலில் கரகர. அப்புறம் பிள்ளையார் பாட்டு.

ஏரி மொத்தமும் எழுந்துவிட்டது. தலைக்கு மேல் இரண்டு சுற்று சுற்றி, ஆந்திரா பக்கம் போய்விட்டது. பாட்டு மட்டும் தண்ணீரில் ஓடிக்கொண்டிருந்தது.

"தினம் இப்டிதானா?" என்றாள் மோனிகா. தலையாட்டினேன். "நா போய்க் கேட்டா சர்ச்சுக்காரி கோயில் பாட்ட நிறுத்தச் சொல்றான்னு ஆய்டும். நீ கேளுக்கா. எண்ற வரைக்கும், ஒரே வாரம்."

கேக்கறேன் என்றேன். நாள் முழுக்கப் பேசுகிற வாய் இது. அது என் ஸ்பீக்கர் என்கிற ஒரு வார்த்தை வரவில்லை.

டிசம்பர் 30

பூசாரியிடம் போனேன்.

"வேண்டிக்கினது நீ. நீ சொன்னா இப்பவே கழட்டிடறேன். நாளைக்கு எதுனா ஒண்ணு ஆச்சுன்னா என்னிய கேக்கக் கூடாது."

ஊர்ப்பக்கம் திருப்பிக் கட்டினால்? காயத்ரிக்குக் கேட்காது. அவள் கேட்கணும் என்றுதானே அம்மனிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு தடவையும் கண்முன் வந்துவிட்டது. விபூதி வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

டிசம்பர் 31

போனில் மோனிகாவிடம், "பூசாரி ஒத்துக்கலடி" என்றேன். "பரவால்ல உடுக்கா, நீ இன்னா பண்ணுவ" என்றாள். பொய் சொல்லிட்டேன். அவ நம்பிட்டா.

ஜனவரி 1

மோனிகா கேக் கொடுத்தனுப்பினாள். பிரிக்காமல் காயத்ரியிடமே கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 4, ஞாயிறு

அறுபத்தி ஒன்று.

நாலு கரையும் சுற்றினோம். ராத்திரி வந்து இறங்குவதும் நின்றுவிட்டது போல. கொக்கு, முக்குளிப்பான், நாலு நத்தைகுத்தி நாரை. மொத்தமே அறுபத்தி ஒன்று.

"அறுநூறுன்னு போட்டா யாருக்குத் தெரியப் போது" என்றேன்.

"எனக்குத் தெரியும்க்கா."

கோயில் பக்கம் வந்தபோது பைனாகுலரை ஸ்பீக்கர் மேல் வைத்தாள். அதன் கீழே ஒரு தகரம் கட்டியிருக்கிறது, சிவப்பு எழுத்தில் என் பேர் போட்டு: 'உபயம்: திலகவதி குடும்பத்தார்'. பூசாரி எப்போது எழுதினாரோ, எனக்குத் தெரியாது. ரொம்ப நேரம் பார்த்தாள். "ஏறு" என்று மட்டும் சொன்னாள்.

வாசலில் இறக்கிவிட்டாள். காயத்ரிக்கான வேண்டுதலை அங்கேயே நின்று சொன்னேன். கேட்டுவிட்டு, "கொயந்த விசயம். அன்னைக்கே சொல்லிருந்தா நானே நிறுத்த வேணாம்னிருப்பேன். எண்ற தேதியத் தள்ளி வைக்கக் கேட்டுருப்பேன். பூசாரி மேல ஏன்க்கா பழியப் போட்ட?" என்றாள்.

வண்டி போய்விட்டது.

ஜனவரி 7

போன் எடுக்கல. இன்னா ஜென்மம் நானு. தினம் சாமி கும்புடறேன், கூட இருந்தவகிட்ட உண்மைய சொல்லத் தெர்ல. பாட்டு மட்டும் ஓடிக்கினு கீது. நிறுத்தவும் பயம், கேக்கவும் முடியல.

ஜனவரி 10

மோனிகா எண்ணித் தரும் கணக்கை மேலே வாங்கிக்கொள்ளும் நந்தினி மேடத்துக்குக் கடிதம் எழுதினேன். எட்டாவது படித்த கை, நாலு தடவை கிழித்தேன். 'ஏரியைப் பார்த்து ஸ்பீக்கர் கட்டச் சொன்னது நான்தான். கோயில்காரர்கள் இல்லை, மோனிகா இல்லை. அந்தச் சத்தத்தில் பறவை போனதை என் கண்ணால் பார்த்தேன். 14ஆம் தேதியோடு மார்கழி முடிகிறது. தயவுசெய்து இன்னொரு தடவை எண்ணுங்கள்.' கீழே முழுப் பேர், ஊர்.

காயத்ரிதான் போட்டோ எடுத்து அனுப்பினாள். "பேர் போட்டா ஊர்ல பேசுவாங்கம்மா."

"பேசட்டும்."

ஜனவரி 12

பேசிவிட்டார்கள். மேடம் ஊரில் யாரிடமோ விசாரித்திருக்கிறார் போல. "கோயில் சத்தம் தப்புன்னு நீயே கைப்பட எழுதிக் குட்த்துட்டியாமே" என்று பூசாரி எல்லார் முன்னாலும் கேட்டார். தீர்த்தம் என் கைக்கு வரவில்லை. அடுத்த ஆளுக்குப் போய்விட்டது.

ஜனவரி 14

முப்பது நாள் முடிந்தது. தூரத்தில் நின்றே கும்பிட்டேன்.

ஜனவரி 22

நந்தினி மேடமே போன் செய்தார். பிப்ரவரி 1 மறு எண்ணிக்கை, கல்லூரிப் பிள்ளைகளோடு வருகிறாராம். மோனிகா கூப்பிடவில்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு

காயத்ரிக்கு ஒன்பதாம் மாதம். அவள் தூங்கும்போதே எழுந்துவிட்டேன். யாரும் வரச் சொல்லவில்லை, ஆனாலும் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தே காலுக்கு வாசலில் ஹாரன்.

"நோட்டு எட்த்தியா?" என்றாள். எடுத்தேன். தென்கரையில் மேடமும் பிள்ளைகளும் முன்பே நின்றிருந்தார்கள். மோனிகா பைனாகுலரைக் கண்ணில் வைத்துச் சொல்ல ஆரம்பித்தாள், நான் குனிந்தே எழுதினேன். ஊசிவால் வாத்துக்கே ஒரு பக்கம் போய்விட்டது. விரல் வலித்தது.

"மெதுவா சொல்லு மோனிகா."

அவள் மெதுவாகச் சொல்லவில்லை.