கரையத்தான் வைத்த சாந்து

மதுரை, மாசி மாதம்.

மகன் நல்லகாமனுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம். மாடு குத்திய உன் காலெலும்புக் குழியில் சீழ் குறைந்ததா? பேத்தி அழகம்மாள் சாப்பிடுகிறாளா?

நான் வேலை பார்க்கும் டாக்டர் வீட்டில் ஒரு வேடிக்கை. ஓர் ஆட்டின் பின்னங்கால் எலும்பில் குழி தோண்டி, சுண்ணாம்புபோலச் சுட்ட வெள்ளைச் சாந்தை அடைத்திருந்தார். நேற்று எடுத்த எக்ஸ்ரே படத்தில் சாந்தையே காணோம். நான் வேப்பிலைத் தண்ணீர் விட்டுக் கழுவியதில் கரைந்துவிட்டதோ என்று அவரிடமே கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். "கரையத்தான் ஆத்தா வச்சேன். அது போன எடத்துல எலும்பு வளந்திருக்கு, பாரு."

கொத்து வேலையில் உன் அப்பா மண்ணை அடைத்து அதன்மேல் வளைவு கட்டி, காரை இறுகியதும் மண்ணைத் தோண்டி எடுப்பாரே, அதுபோலத்தான்.

"மனுசனுக்கும் வைப்பீகளா?"

"இன்னும் ரெண்டு ஆடு பாக்கணும்."

அதுவரை காலை எடுக்கச் சம்மதிக்காதே. காய்ச்சல் கண்டால் உடனே இங்கே வா. "வெட்டிருங்க" என்றாரே உன் மாமனார், உன் கல்யாணத்தில் எனக்குக் கடைசிப் பந்தியில் இலை போட்டவர், அவர் பேச்சைக் கேட்காதே.

வரும்போது கேப்பை மாவு கொண்டு வா. பேத்தியையும் கூட்டி வா. இங்கே ஆட்டோடுதான் பேசுகிறேன்.

அதோ, அந்த ஆடு பின்னங்காலில் எழும்பி நின்று முருங்கைக் கிளையை இழுக்கிறது. ஒடிப்பதற்குள் ஓடுகிறேன்.

அம்மா
ஒச்சாயி