இரண்டு வாளிப் பனி

இன்று காலை உங்கள் ஜென்ஷியன் செடி பூத்துவிட்டது. நிலத்தோடு ஒட்டிய இலைகளுக்கு நடுவே, ஒரு விரல் உயரத்தில், கடும் நீலத்தில் ஐந்தாறு குழல்கள். கண்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

ஊரில் சமாதானம் வந்துவிட்டது என்று நாங்கள் எல்லோரும் நம்பிய வருடம், இந்தப் பனி நாட்டில், பியர்பொன்ட்ஸில் இந்த வீட்டை வாங்கினோம். பின்வளவில் நல்ல வெயில் விழுகிற ஒரே இடத்தைக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் என்று நான் மனதில் குறித்து வைத்திருந்தேன். நீங்கள் அதில் சல்லிக்கல்லைக் கொட்டினீர்கள். இது மலைப் பூவாம், பசளை போட்டால் அழுகிவிடுமாம். என்னைக் கலியாணம் கட்டிவிட்டுப் போய், சுவிஸில் ஒரு மலை ஹோட்டலில் கோப்பை கழுவிய நாட்களில் கண்ட பூவாம்.

"கதைக்க ஆளில்லாத காலம். இதோடதான் கதைச்சனான்" என்றீர்கள்.

அந்தக் காலத்தில்தான் நான் யாழ்ப்பாணத்தில் தபால்காரனின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். பூவோடு கதைத்ததில் பாதியை எனக்கு எழுதியிருக்கலாம்.

குளிர்காலத்தில் அதற்குப் பனிதான் போர்வை. ஊரெல்லாம் பனியை அள்ளி எறிய, நீங்கள் அள்ளிக்கொண்டு வந்து போர்த்தினீர்கள். உங்கள் நெஞ்சுக்கு அந்த வேலை ஆகாது என்று டொக்டர் சொன்ன பிறகு வாசல் பனியைக் கூட ஆள் வைத்துத்தான் தள்ளினோம். போன வருடம் தை மாதம் மழை பெய்து, பூப்பாத்தியில் கிடந்த பனியெல்லாம் கரைந்துபோனது. பின்னேரம் கடும் குளிர் இறங்கும் என்று ரேடியோ சொன்னது. நான் குசினிக் கதவில் நின்று மறித்தேன்.

"ரெண்டு வாளிதான், வாறன்."

வேலியோர நிழலில் மிஞ்சியிருந்த பனியை அள்ளப் போனீர்கள். இரண்டாவது வாளி பாத்திக்கு வந்து சேரவில்லை.

செத்தவீட்டில் எல்லோரும் பூவை நேசித்த மனிசன் என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். எனக்கு நெஞ்சு பற்றி எரிந்தது.

இந்தக் குளிர்காலமும் தையில் மழை வந்தது, பிறகு குளிர் இறுகியது. பாத்தி கல்லும் சருகுமாகத் திறந்து கிடந்தது. ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேனே தவிர, ஒரு கைப்பிடி பனி போடவில்லை. சாகட்டும் என்றே விட்டேன்.

சாகவில்லை. முன்பு பூத்ததை விடக் கூடுதலாகவே பூத்திருக்கிறது. உங்கள் வாளி அதற்குத் தேவைப்படவே இல்லை. அது தெரியாமல் நீங்கள் போய்விட்டீர்கள். தெரிந்துகொண்டு நான் இருக்கிறேன்.