எட்டு விக்கெட்டுக்கு நூற்று முப்பத்தொன்று

மிச்சம், லண்டன்
05.03.1993
வெள்ளிக்கிழமை பின்னேரம்

அன்புள்ள கோதை அக்காவுக்கு,

முதலில் நான் கவனித்தது அப்பாவின் பென்சிலைத்தான். அது ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையில் காத்திருந்தது. வேகப்பந்து என்றால் கூடின நேரம், சுழல்பந்து என்றால் குறைந்த நேரம். பந்து வீசுகிறவன் திரும்பி நடந்துபோய், ஓடிவந்து, கையைச் சுழற்றுகிற அளவு நேரம். அதன் பிறகு ஒரு புள்ளி விழும். அல்லது ஒன்று, இரண்டு, நான்கு. மேசையில் ரேடியோ இருக்கவில்லை. போன் கூடத்தில் சும்மா கிடந்தது. இது இரண்டு வருடத்துக்கு முந்திய மார்ச் மாதத்தில் நடந்தது. அன்றே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

நீயும் அத்தானும் சின்னவளும் ரொறன்ரோக் குளிரைச் சமாளித்துக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் பள்ளிக்கூடத்தை விட்டது பிழை, திரும்பிப் போ என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அக்கா, அங்கே டீச்சர் என்னிடம் கேள்வி கேட்டால் எனக்கு விடை தெரிந்தாலும் வாய் திறக்காது. மற்றப் பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். கமலாம்பிகை அன்ரியின் கடையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் தகரப்பேணிகளுக்கு விலைச்சீட்டு ஒட்டுகிறேன். அன்ரி எனக்கு ஊமைக்குயில் என்று பெயர் வைத்திருக்கிறா. கோபம் வரவில்லை. நல்ல மனுசி, இன்றைக்கும் நாளைக்கும் லீவு தந்திருக்கிறா.

இதைப் போனில் சொல்ல எனக்கு ஏலாது. போன் இருக்கிற இடத்திலிருந்து பார்த்தால் அப்பா இருக்கிற மேசை தெரியும்.

நீ கலியாணம் முடித்துக் கனடா போன பிறகு இங்கே நடந்தவை உனக்குத் தெரியாது. அப்பாவின் ஸ்கோர் புத்தகத்தை நீ மறந்திருக்க மாட்டாய். நீளமான பச்சை மட்டை போட்ட புத்தகம். அதைத் தொட்டதற்காக நீ ஒருமுறை பேச்சு வாங்கியிருக்கிறாய். வடலியூர்க் கல்லூரி யாழ்ப்பாணத்தின் பெரிய கல்லூரிகளில் ஒன்றல்ல. பேப்பரில் அதன் ஸ்கோர் கடைசிப் பத்தியில்தான் வரும். ஆனால் அப்பாவுக்கு அதுதான் கல்லூரி. லண்டனுக்கு வந்த வருடத்திலிருந்து மார்ச்சில் மற்றக் கல்லூரியோடு நடக்கிற ஒவ்வொரு பிக் மட்ச் முடிந்ததும், ஊரிலிருந்து அம்பலவாணன் மாஸ்ரர் ஸ்கோர் தாளை மெல்லிய கடதாசியில் பந்து பந்தாகப் பார்த்தெழுதி அனுப்புவார். அப்பா அதைப் பச்சைப் புத்தகத்தில் ஏற்றுவார். பிறகு ரெய்னர்ஸ் லேனில் பழைய மாணவர் சங்க விருந்து நடக்கும்போது புத்தகத்தைக் கொண்டுபோய் எல்லாருக்கும் காட்டுவார். கல்லூரி அறுபத்தெட்டாம் ஆண்டுக்குப் பிறகு வென்றதில்லை. அப்படியிருந்தும் காட்டுவார்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை தொடங்கியதும் போன் நின்றது, தபாலும் நின்றதுபோலத்தான். அம்மாவும் தம்பி கோகுலனும் அடுத்த விசாவில் வருவதாக இருந்தார்கள். அதற்குள் பாதை மூடிவிட்டது. அடுத்த மார்ச்சில் கல்லூரி மட்ச் விளையாடுகிறதா, மைதானம் இருக்கிறதா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. அப்பா பெற்றோல் ஸ்ரேசனில் இரண்டு நாள் லீவு எடுத்தார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் குசினி மேசையில் புத்தகத்தை விரித்துக்கொண்டு இருந்தார். என்னப்பா செய்கிறீர்கள் என்று கேட்டேன். “மட்ச் நடக்குது பிள்ளை. கதைக்காதை” என்றார்.

பன்னிரண்டரைக்கு எழும்பிச் சாப்பிட்டார். மூன்று மணிக்குத் தேத்தண்ணீர். ஜன்னலுக்கு வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அப்பா கையை நெற்றிக்கு மேலே பிடித்து, வெயிலுக்கு மறைப்பதுபோல, பக்கத்து வீட்டு மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சில நேரம் அவருடைய தலை மெதுவாக உயர்ந்து, பிறகு மெதுவாக இறங்கும். அப்படி இறங்கிய பிறகு ஆறு என்று எழுதுவார்.

அப்பாவுக்கு அம்மாவையும் தம்பியையும் நினைத்து மனம் சரியில்லாமல் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு விசயம் எனக்கு விளங்கவில்லை. அந்த மட்ச்சில் வடலியூர் அறுபத்தொரு ஓட்டத்தால் தோற்றது. மனம் சரியில்லாத ஒருவர் தன் கல்லூரி தோற்பதாகவா எழுதுவார்?

சங்க விருந்தில் ஹவுன்ஸ்லோ ஜம்புநாதன் மாமா புத்தகத்தைப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் கேட்கச் சிரித்தார். “டேய் பரமேஸ், நீயே இருந்து எழுதிறாய், ஒருக்காவாவது எங்களை வெல்ல விடடா!” என்றார். அப்பா சிரிக்கவில்லை. “நான் எங்கை எழுதிறன்? அவங்கள் விளையாடுறாங்கள்” என்றார். மாமா அதற்கும் சிரித்தார்.

ஐப்பசியில் அம்பலவாணன் மாஸ்ரரின் கடிதம் கொழும்பு சுற்றி, யாரோ கையில் கொண்டுவந்து போட்டு, எங்களுக்குக் கிடைத்தது. வடலியூர் மைதானத்தில் விளையாட ஏலாமல் ஒரு தோட்டக் காணியில் மட்ச் நடந்ததாம். உள்ளே மெல்லிய கடதாசியில் ஸ்கோர் தாள். அப்பா அதை ஒருமுறை பார்த்துவிட்டு, சரி என்று சொல்லி மடித்து மேசை லாச்சியில் வைத்தார். பஸ் வருகிற நேரத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிற சரி மாதிரி.

அவர் வேலைக்குப் போன பிறகு நான் இரண்டையும் பக்கத்தில் வைத்து விரலால் ஒவ்வொரு பந்தாகப் பார்த்தேன். முதல் ஓவரிலிருந்து கடைசி ஓவர் வரை. அக்கா, ஒரு புள்ளிகூட மாறவில்லை. நாங்கள் கேள்விப்படாத பொடியன்களின் பெயர்கள், முதலெழுத்தோடு, அப்படியே இருந்தன. நான் லாச்சியை மூடிவிட்டு, அப்பா வரும்வரை வெளியே பஸ் தரிப்பில் நின்றேன்.

போன வருடமும் அப்பா எழுதினார். அந்த முறை மட்ச் வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்தது. ஆனால் வடலியூரின் பக்கத்தில் ஒன்பதாவது வரி வெறுமையாக இருந்தது. அப்பா ஆட்ட முடிவில் அந்த வரியில், பெயர் போடாமல், வரவில்லை என்று மட்டும் எழுதினார். மாஸ்ரரின் கடிதம் ஆவணியில் வந்தது. அவருடைய தாளில் அந்த வரியில் பெயர் இருந்தது: யே. பெனடிக்ற், வரவில்லை. கீழே விளக்கம் எழுதியிருந்தார். அந்தப் பிள்ளை அன்று காலை மட்ச்சுக்கு மட்டைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த வழியில் ஷெல் விழுந்ததாம். பதினேழு வயது.

அதற்குப் பிறகு ஜம்புநாதன் மாமா பகிடி விடுவதில்லை. போன கிழமை போன் எடுத்தார். இந்த முறை எழுதவேண்டாம் என்று அப்பாவைக் கெஞ்சினார் போலிருக்கிறது. அப்பா சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது. “நான் எழுதாட்டி மட்ச் நிக்குமே, ஜம்பு?”

இப்போது நான் ஏன் எழுதுகிறேன் என்று உனக்கு விளங்கியிருக்கும். ஒருவர் கையில் கொண்டுவந்து தந்த தம்பியின் தை மாதக் கடிதத்தை உனக்கும் பார்த்தெழுதி அனுப்பியிருந்தேன். “அப்பாட்டைச் சொல்லு, நான் ரீமிலை வந்திட்டன், ஆறாவதா இறங்கப் போறன்” என்று எழுதியிருந்தான். அப்பா அதை அன்ரியின் கடைக்கு வந்த எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார்.

இன்று காலை பத்து மணிக்கு மட்ச் தொடங்கியது. மற்றக் கல்லூரி முதலில் துடுப்பெடுத்தது. நான் அடுப்படியில் பாத்திரம் கழுவுகிறமாதிரி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிடி எடுத்த பொடியன்களின் பெயர்கள் வந்தன, தம்பியின் பெயர் வரவில்லை. சாப்பாட்டு நேரம் வந்ததும் கோகுலன் எங்கே நிற்கிறான் என்று கேட்டுவிட்டேன். இரண்டு வருடத்தில் அப்படி ஒரு கேள்வியை நான் கேட்டதில்லை. அப்பா கொஞ்ச நேரம் மதிலைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். “பத்துப் பேர்தான் நிக்கினம், பிள்ளை. மூண்டு தரம் எண்ணிப் பார்த்திட்டன்.”

பிறகு சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். சாப்பிடவில்லை.

மற்றப் பக்கம் இருநூற்றுப் பதினான்கு. நாளைக்கு எங்கள் பக்கம் இறங்கும்.

06.03.1993
சனிக்கிழமை, தேத்தண்ணீர் இடைவேளை

அக்கா, என்னிடம் இருபது நிமிடம் இருக்கிறது. அப்பா முகத்தைக் கழுவிவிட்டுப் பின்வளவில் போய் நிற்கிறார். முதுகு மட்டும் தெரிகிறது. புத்தகம் என் முன்னால் விரித்தபடி கிடக்கிறது.

காலையில் நான்காவது விக்கெட் விழுந்ததும் ஆறாவது வரி வந்தது. அப்பாவின் பென்சில் அந்த வரியின் மேல் நின்றது. எந்த வேகப்பந்துக்கும் அவ்வளவு நேரம் நின்றதில்லை. யாரும் வரவில்லை. பென்சில் அந்த வரியைத் தாண்டி ஏழாவது வரிக்குப் போய், அங்கே வேறொரு பொடியனின் பெயரை எழுதியது. அப்பாவின் மற்றக் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது.

கிரிக்கெட் உனக்குப் பிடிக்காது, அதனால் சொல்கிறேன். வராத ஒருவன் கடைசிவரை வரலாம். பிந்தி வந்து, மற்ற எல்லாருக்கும் பிறகு இறங்கினாலும் குற்றமில்லை. அதனால் ஸ்கோர் எழுதுகிறவர் இடையில் வரவில்லை என்று எழுதக்கூடாது. பத்துப் பேர்தான் என்றால் ஒன்பதாவது விக்கெட் விழும்போது ஆட்டம் முடியும். அப்போதுதான் வெறும் வரியைப் பார்த்து அந்தச் சொல்லை எழுதவேண்டும். எழுதாமல் விடவும் ஏலாது. அப்பா ஒருநாளும் எதையும் எழுதாமல் விட்டவரல்ல.

இப்போது எட்டு விக்கெட்டுக்கு நூற்று முப்பத்தொன்று. கடைசி இரண்டு பேரும் பந்து வீசுகிற பொடியன்கள். ஒருவன் ஆறு பந்தில் மூன்றைக் கோட்டை விட்டிருக்கிறான். தேத்தண்ணீருக்குப் பிறகு இரண்டு ஓவர்கூடத் தாங்கமாட்டான்.

நான் பழைய பக்கங்களைப் புரட்டினேன். எண்பத்தெட்டாம் ஆண்டுப் பக்கத்தில் ஏழு விக்கெட்டோடு வடலியூர்க் கப்டன் ஆட்டத்தை நிறுத்தி, மற்றப் பக்கத்தை இறங்கச் சொல்லியிருக்கிறான். அதற்கு டிக்ளேர் என்று பெயர். மிச்சம் இருந்த இரண்டு பொடியன்களின் பெயர்களுக்கு நேரே அப்பா இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறார். அக்கா, அது வேறு சொல். அவர்கள் காலில் பாட் கட்டிக்கொண்டு மரநிழலில் இருந்திருப்பார்கள். கச்சான் கடலை சாப்பிட்டிருப்பார்கள். பின்னேரம் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

எண்பத்துமூன்று ஓட்டம் பின்னால் நிற்கும்போது எந்தக் கப்டனும் டிக்ளேர் செய்யமாட்டான் என்று எனக்குத் தெரியும். செய்தால் சங்கத்தில் பத்து வருடத்துக்குச் சிரிப்பார்கள். அப்பாவின் புத்தகத்தில் இதுவரை ஒரு பொய் இல்லை என்பதும் தெரியும். இங்கே பின்னேரம் மூன்று என்றால் அங்கே இரவு எட்டரை. அங்கே மட்ச் எப்போதோ முடிந்து, எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். போகக்கூடியவர்கள் போயிருப்பார்கள். ஆனால் இந்த மேசையில் ஒன்பதாவது விக்கெட் இன்னும் விழவில்லை.

இந்தக் கடிதம் கிடைத்த உடனே கொழும்பில், வெள்ளவத்தையில் இருக்கிற செல்வமலர் மாமிக்குப் போன் எடு. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவால் வருகிற ஆட்களிடம் அம்மாவையும் தம்பியையும் பற்றி விசாரிக்கச் சொல். என்ன கேள்விப்பட்டாலும் முதலில் எனக்குச் சொல், அப்பாவுக்குச் சொல்லாதே. நீ போன் எடுக்கும்போது நான்தான் எடுப்பேன், கதைப்பேன். இனி வெட்கப்படமாட்டேன். அங்கே உங்கள் மூவரையும் கடவுள் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கட்டும். பின்வளவில் அப்பா திரும்பிவிட்டார்.

அன்புத் தங்கை,
வதனி

பி.கு. நான் அப்பாவின் பென்சிலை எடுத்து, எட்டு விக்கெட்டுக்கு நூற்று முப்பத்தொன்று, டிக்ளேர் என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு இழுத்தேன். ஆறாவது வரியில் ப. கோகுலன் என்று எழுதினேன். அதற்கு நேரே, அப்பாவின் எழுத்தைப்போலவே, இறங்கவில்லை என்று எழுதினேன்.