ஹெரால்டுக்கு இன்ஷூரன்ஸ்

17 செப்டம்பர் 2024, செவ்வாய்

ஐ.என்.ஏ. மார்க்கெட் போய் முருங்கைக்காயும் அப்பளமும் வாங்கி வரலாம் என்று சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினால், ஹெரால்டு காரின் முன்கண்ணாடியில் ஒரு நோட்டீஸ். மைதாப் பசை தடவி ஒட்டியிருக்கிறான், கடங்காரன். பதினைந்து வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டியாம், டில்லித் தெருவில் நிற்கக் கூடாதாம். நாற்பத்தைந்து நாளில் ஒரு வழி பண்ணாவிட்டால் தூக்கிக்கொண்டு போய் உடைத்துவிடுவார்களாம். நகத்தால் சுரண்டினேன், பாதி வரவில்லை.

1971-ல் அப்பா வாங்கிய வண்டி. என்னை அதன் ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை அவர். அண்ணா ராஜகோபாலன்தான் ஓட்டுவான், நான் பின்சீட்டில். அப்பா படுக்கையில் விழுந்த பிறகு வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனது யார்? நான். நாற்பத்தெட்டு வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து கற்றுக்கொண்ட நான். அண்ணா இதே ஊரில், மயூர் விஹாரில் உட்கார்ந்துகொண்டு போனில் யோசனை சொன்னான். அப்பா போய் மூன்று வருஷம் ஆயிற்று. வண்டி என்னுடையது. எவன் தொடுகிறான் என்று பார்க்கிறேன்.

முருங்கைக்காய் வாங்கவில்லை.

20 செப்டம்பர், வெள்ளி

போக்குவரத்து ஆபீஸில் நாலு ஜன்னல் ஏறி இறங்கியதில் ஒன்று தெரிந்தது. ஐம்பது வருஷம் தாண்டிய வண்டி என்றால் 'விண்டேஜ்' என்று தனிப் பதிவு உண்டு. அது கிடைத்தால் உடைக்க மாட்டார்கள். ஆனால் அதற்கு இன்ஷூரன்ஸ் காகிதம் வேண்டும். அப்பா பெயரிலேயே நான் கட்டிவந்த பாலிசி ஜூலையோடு தீர்ந்துவிட்டது. புதிது என் பெயரில் வேண்டுமென்றால் வண்டி என் பெயருக்கு மாற வேண்டும், அதற்கு இன்னொரு வாரிசு 'ஆட்சேபணை இல்லை' என்று கையெழுத்துப் போட வேண்டும். இன்னொரு வாரிசு! நினைத்தாலே வாயில் நன்றாக வருகிறது.

புசா ரோடில் மூன்றாம் மாடியில் சுரேஷ்குமார் என்று ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். வண்டியின் போட்டோவைப் பார்த்துச் சிரித்தான். பழைய இரும்பு வாங்கும் கபாடிக்காரனிடம் போட்டுவிடுங்கள் ஆன்ட்டிஜி, எடைக்கு நல்ல விலை தருவான் என்றான். முறைத்த முறைப்பில் சிரிப்பு நின்றது. பிறகு ஒழுங்காகச் சொன்னான். மூன்று வழி. ஒன்று, தர்ட் பார்ட்டி மட்டும். நான் யார் மேலாவது மோதினால் அவருக்குக் கொடுப்பார்கள், என் வண்டி எரிந்தால் எனக்கு ஒன்றும் கிடையாது. இரண்டு, சாதாரண முழு பாலிசி. அதில் வண்டியின் மதிப்பைக் கம்பெனி போடும். மூன்று, ஆள் வந்து வண்டியைப் பார்த்து, இன்ன மதிப்பு என்று முன்கூட்டியே இரண்டு பேரும் ஒப்புக்கொள்வது. பின்னால் பேரம் கிடையாது. ஆனால் பிரீமியம் அதிகம்.

இரண்டாவதில் கம்பெனி என்ன மதிப்பு போடும் என்று கேட்டேன். பதினைந்தாயிரம் என்றான். என் வீட்டு ஃபிரிட்ஜ் அதைவிட விலை.

22 செப்டம்பர், ஞாயிறு

அண்ணாவுக்கு போன் செய்தேன். ஐந்து மாதம் கழித்து. எப்படி இருக்கிறாய் என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

"அந்தத் தகர டப்பாவுக்கு தர்ட் பார்ட்டி போறும். கையெழுத்துதானே, போட்டுத் தரேன். என்னைக் கேட்டா, எடுத்துண்டு போகட்டும், விட்டது சனின்னு இருப்பேன்."

கத்தினேன். அப்பா மூத்திரப் பையோடு படுத்திருந்த மூன்று வருஷத்தில் நீ எத்தனை தடவை வந்தாய் என்று கேட்டேன். "ஆரம்பிச்சுட்டியா" என்றான், வைத்துவிட்டான். அப்பாவே இப்படித்தான் பாதிப் பேச்சில் எழுந்து போவார். ரத்தம்.

24 செப்டம்பர், செவ்வாய்

போன் வரவில்லை. நானும் செய்யப் போவதில்லை. நாசமாப் போகட்டும்.

5 அக்டோபர், சனி

மூன்றாவதுதான் என்று சொல்லிவிட்டேன். சுரேஷ்குமார் இரண்டு தடவை யோசிக்கச் சொன்னான். என்ன யோசிக்க? தர்ட் பார்ட்டி எடுத்தால், இந்த வண்டிக்கு மதிப்பே இல்லை என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி. இத்தனை வருஷம் இந்த வீட்டில் என்னைப் பற்றி மற்றவர்கள் எழுதியது போதும்.

புதன்கிழமை வண்டியை மதிப்பிடக் கம்பெனி சர்வேயர் வருகிறார். வேலம்மாளைக் கூப்பிட்டு, வண்டியில் பித்தளை, தகடு, கைப்பிடி ஒன்று விடாமல் பளபளவென்று இருக்க வேண்டும், ஒரு அழுக்கு இருந்தால் பார் என்றேன். பதினாலு வருஷமாக இந்த வீட்டில் வேலை செய்கிறாள். இன்னும் ஒவ்வொன்றையும் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அண்ணாவிடமிருந்து மெசேஜ்: 'நாளை பத்து மணி. காபி வேண்டாம்.' யார் கொடுக்கப் போகிறார்கள்?

6 அக்டோபர், ஞாயிறு

வந்தான். நேரே மேலே வர வேண்டியதுதானே? வண்டிகிட்ட என்ன வேலை? சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். பானெட் தூக்கியிருந்தது, உள்ளே குனிந்துகொண்டிருந்தான். கையில் துணி. எதையோ அவசர அவசரமாகத் துடைத்தான். வேலம்மாளைக் காணோம். பிறகு டமாலென்று மூடினான்.

மேலே வந்து காகிதத்தில் கையெழுத்துப் போட்டான். கீழே என்ன பண்ணினாய் என்று கேட்டேன். "ஒண்ணுமில்லை" என்றான். காபி கொடுத்தேன், தொலையட்டும் என்று. குடித்தான். சர்க்கரை அதிகம் என்றான்.

9 அக்டோபர், புதன்

போயிற்று, எல்லாம் போயிற்று.

சர்வேயர் நல்ல மனிதர்தான். டயர், சீட், இன்ஜின் எல்லாம் பார்த்தார், தலையாட்டினார். கடைசியில் பானெட்டுக்குள் இருக்கிற சேஸிஸ் நம்பர் தகட்டின் மேல் காகிதத்தை ஒட்டிப் பென்சிலால் தேய்த்தார். நம்பர் அப்படியே காகிதத்தில் விழ வேண்டும். விழவில்லை. நடுவில் மூன்று எழுத்து மொழுக்கென்று இருந்தது. இரண்டு தடவை தேய்த்துப் பார்த்துவிட்டு, யாரோ அழித்திருக்கிறார்கள் என்றார். திருட்டு வண்டியில்தான் இப்படிச் செய்வார்களாம். "நம்பர் சிதைக்கப்பட்டுள்ளது" என்று ரிப்போர்ட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார். அந்த ரிப்போர்ட் போனால் எந்தக் கம்பெனியும் பாலிசி தராது. பாலிசி இல்லாமல் பதிவு இல்லை. நவம்பர் ஒன்றாம் தேதி லாரி வரும்.

துணியால் துடைத்தானே! ஒண்ணுமில்லையாம்! கூடப் பிறந்தவனா இவன்?

10 அக்டோபர், வியாழன்

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். முப்பத்தோரு பேர். அப்பா வண்டியின் நம்பரை அழித்து, அதைக் கபாடிக்கு அனுப்ப வழி பண்ணியது ராஜகோபாலன், எல்லோருக்கும் தெரியட்டும் என்று. சித்தி பிள்ளை அர்விந்த் 'அக்கா ப்ளீஸ்' என்று எழுதினான். என்ன ப்ளீஸ்?

அண்ணா ஒரே ஒரு வார்த்தை எழுதினான். 'சரி.'

11 அக்டோபர், வெள்ளி. ஆயுத பூஜை

வண்டிக்குப் பூஜை வேண்டாம், சாகப் போகிற வண்டிக்கு என்ன பூஜை என்று சொல்லியும் வேலம்மாள் கேட்கவில்லை. சந்தனம் குழைத்துக்கொண்டு கீழே போனாள். பின்னாலேயே நானும் போனேன், திட்டுவதற்கு. பானெட்டைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"இந்தத் தகட்டுக்கும் பொட்டு வைக்கட்டாம்மா? அன்னிக்கு எம்மாங் கருப்பா இருந்துச்சு. புளியும் உப்பும் போட்டு, தேங்கா நாரால அரமணி நேரம் தேச்சேன். வெள்ளி கணக்கா ஆயிடுச்சு. ஒங்க அண்ணன் பெரியய்யாதான் பாத்துட்டு, நிறுத்து நிறுத்து, நீ போன்னு துணியப் புடுங்கித் தொடச்சாரு."

வருஷா வருஷம் அப்பா அந்தத் தகட்டுக்குத்தான் சந்தனம் அப்புவார். ஐம்பது வருஷச் சந்தனமும் ஆயிலும் கருப்பாக ஏறியிருந்தது. குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி, எழுத்து ஏற்கெனவே மங்கின அலுமினியத் தகட்டைப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறாள். சொன்னது யார்? ஒன்று விடாமல் பளபளவென்று — நான்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

பொட்டு வை என்றேன்.

12 அக்டோபர், சனி

போனை மூன்று தடவை எடுத்தேன். மூன்று தடவையும் வைத்துவிட்டேன்.

14 அக்டோபர், திங்கள்

செய்தேன். முதல் ரிங்கிலேயே எடுத்தான். வேலம்மாள் சொல்லிவிட்டாள் என்றேன். ஓ என்றான். அன்றைக்கே நீ ஏன் வாயைத் திறக்கவில்லை, முப்பத்தோரு பேர் முன்னால் நான் அப்படி எழுதியும் ஏன் 'சரி' என்றாய் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், எனக்கு வேறு மாதிரி கேட்கத் தெரியாது.

"சொல்லியிருந்தா அன்னிக்கே அவளை வேலையை விட்டு அனுப்பியிருப்பே. பதினாலு வருஷமா உங்கிட்ட குப்பை கொட்டறா. என்னைத் திட்டினா எனக்கென்ன, பழகினதுதானே."

இல்லை, அனுப்பியிருக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பொய். அனுப்பியிருப்பேன். மத்தியானத்துக்குள் அனுப்பியிருப்பேன். அப்படித்தானா நான்? ஊரெல்லாம் அப்படித்தான் நினைக்கிறதா?

குரூப்பில் எழுதினேன்: 'அண்ணா இல்லை. அழித்தது நான்தான்.' வேலம்மாள் பெயரை எழுதவில்லை.

19 அக்டோபர், சனி

இன்னொரு இடத்திலும் அந்த நம்பர் இருக்கிறது என்று அண்ணாவுக்குத்தான் தெரிந்திருக்கிறது. அடியில், வண்டியின் இரும்புச் சட்டத்திலேயே குத்தியிருக்குமாம். உன் சாம்பாருக்காக வரவில்லை, வண்டிக்காக வந்தேன் என்று சொல்லிக்கொண்டே வந்தான். பேப்பர் விரித்துக் கீழே படுத்தான். தொப்பை உள்ளே போகவில்லை. இரண்டு தடவை முயற்சி செய்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"நகரு" என்றேன். துப்பட்டாவைக் கழற்றிவிட்டு நான் உள்ளே போனேன். டார்ச்சை அவன் பிடித்தான். ஸ்பிரிங் பக்கம், இன்னும் மேலே, அங்கே இல்லை அறிவே, இடது பக்கம் என்று கத்திக்கொண்டே இருந்தான். நானும் உள்ளேயிருந்து கத்தினேன். தெருவே பார்த்தது. ஸ்க்ரூடிரைவரால் தாரைச் சுரண்டச் சுரண்ட ஒவ்வொரு எழுத்தாக வந்தது. நான் படித்தேன். அவன் ஆர்.சி. புத்தகத்தை வைத்துக்கொண்டு சரி, சரி என்றான்.

வெளியே வந்ததும் அவன் கைக்குட்டையை நீட்டினான். மூஞ்சியெல்லாம் கிரீஸ். சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். சாம்பாரில் உப்பு இல்லையாம்.

22 அக்டோபர், செவ்வாய்

சர்வேயர் மறுபடி வந்தார், அடியில் போய்ப் பார்த்தார். நம்பர் சரி. மதிப்பு நாலு லட்சம் என்று ஒப்புக்கொண்டார்கள். அண்ணாவுக்குச் சொன்னேன். "தகர டப்பாவுக்கா?" என்றான். குரலில் சந்தோஷம் இருந்த மாதிரி இருந்தது. இருக்காது.

25 அக்டோபர், வெள்ளி

சுரேஷ்குமார் போன். பாலிசி ரெடி, ஒரே ஒரு கட்டம் காலியாம். ஓட்டுகிற எனக்கே ஏதாவது ஆகிவிட்டால் பணம் யாருக்கு, நாமினி பெயர் வேண்டும் என்றான். கணவர்? இல்லை. குழந்தைகள்? இல்லை. யாராவது சொல்லுங்கள் ஆன்ட்டிஜி, இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் எடுக்காது என்றான்.

யாராவது. ஒரு பெயர் சொன்னேன்.

6 நவம்பர், புதன்

லாரி வரவில்லை. விண்டேஜ் பதிவுக்கு மனு வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்துவிட்டார்கள், அதைக் கண்ணாடியில் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். இனி மார்க்கெட்டுக்கெல்லாம் எடுக்கக் கூடாது. பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, கண்காட்சிக்கு மட்டும்தான். அதுவாவது இருக்கிறதே.

பாலிசி காகிதத்தைப் போட்டோ எடுத்து அண்ணாவுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் போன்.

"நாமினின்னு என் பேரைப் போட்டிருக்கே."

"உயிரோட இருக்கறவா யாராவது வேணும்னான்."

வயசைத் தப்பாகப் போட்டிருக்கிறாய், எனக்கு அறுபத்தெட்டு என்றான். திருத்தச் சொல்கிறேன் என்றேன். வைத்துவிடுவான் என்று நினைத்தேன், வைக்கவில்லை.

"ஜலஜா, மெதுவா ஓட்டு."

எனக்கு ஓட்டச் சொல்லித் தருகிறானாம். திமிரைப் பார்.

சாயங்காலம் பெட்ரோல் போடப் போனேன். போகும்போதும் வரும்போதும் முப்பதைத் தாண்டவில்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்தவன்களையெல்லாம் கண்ணாடியை இறக்கி வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வந்து சேர்ந்தேன்.