எல்லோருக்கும் ஒரே வரி

ஜனவரி 2

நானே அச்சிட்ட கதைப் புத்தகத்தை வாங்கிய எல்லோருக்கும் புத்தாண்டு நன்றி அட்டை அனுப்பியிருந்தேன். ‘உங்கள் கடிதம்தான் என்னை எழுத வைக்கிறது’ என்று ஒவ்வொன்றிலும் கையால் எழுதினேன்.

சிறுசேரியில் வேலை செய்யும் வாசகி நசீமா இன்று போன் செய்தாள்.

“அண்ணா, ஆபீஸ் கேப்ல எங்கூட வர்ற ஸ்டெல்லாவுக்கும் அதே வரிதான் எழுதிகீறீங்க. அவ உங்களுக்கு லெட்டரே போட்டதில்லையாம்!” என்று சிரித்தாள். பிறகு குரல் தணிந்தது. “என் லெட்டர படிச்சீங்களா?”

“படிச்சேன்மா” என்றேன்.

பொய். வந்த கடிதங்கள் பிரிக்காமலே பையில் கிடந்தன. இப்போதுதான் அவளுடையதைத் தேடிப் பிரித்தேன். அப்பா இறந்த பிறகு தூக்கமில்லாத அம்மாவுக்குத் தினமும் என் கதைகளை வாசித்துக் காட்டினாளாம். நான்கு பக்கம். கடைசியில், ‘பதில் வேண்டாம் அண்ணா, நீங்கள் படித்தாலே போதும்’ என்று இருக்கிறது.

உண்மையைச் சொல்லி அவளுக்குப் போனில் ஒரு செய்தி எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.