ஒன்பதாவது பல்பு

பீன்யா
ஜூன் 9, 2025

வைஷ்ணவி,

பெரிய போனைத் திருடியது நீதான்.

வாட்ஸ்அப்பில் கேட்டேன், என்னை பிளாக் செய்துவிட்டாய். அதனால் பேப்பரில் எழுதி, நாகேஷ் அண்ணா ஓட்டும் உன் கம்பெனி வண்டியில் அனுப்புகிறேன். அவர் நீட்டினால் வாங்காமல் இருக்க உன்னால் முடியாது.

பழைய ஆபீசைக் காலி செய்தபோது இன்டர்காம் போன்களை ஸ்கிராப்பில் போடச் சொன்னார் ஆராவமுதன் சார். "எனக்குக் குடுங்க சார், யாராவது பேசுற இடமாப் பாத்துக் குடுக்கிறேன்" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். "எடுத்துக்கம்மா" என்றார். நீ பக்கத்தில்தான் நின்றாய். சின்ன போன்கள் ஒன்பதும் ஸ்டோரில் இருந்தன. உன் ரிசப்ஷன் மேசையில் இருந்த பெரியது மட்டும் இல்லை.

அது இல்லாமல் மற்றவை வெறும் பிளாஸ்டிக். சின்ன போனில் டயல் இல்லை, மணி இல்லை. கையில் எடுத்தால் உன் பெரிய போனில் ஒரு பல்பு எரியும். நீ மனசு வைத்து இணைத்தால்தான் பேச்சு. மொத்த செட்டையும் ஹெப்பகோடியில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதிக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். மூன்று மாடி. தண்ணீர் லாரி வந்தால் கீழே இருந்து கத்துகிறார்கள். மேலே இருப்பவள் குடத்தோடு இறங்குவதற்குள் லாரி போய்விடுகிறது.

அடுத்த வண்டியில் திருப்பி அனுப்பு.

ரூபினி

*

எலக்ட்ரானிக் சிட்டி
ஜூன் 16, 2025

அன்பு ரூபி,

எடுத்தவுடன் திருடி என்றா எழுதுவாய்? "என்னம்மா, லவ் லெட்டரா?" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார் நாகேஷ் அண்ணா.

உன்னை பிளாக் செய்ததற்குக் காரணம் இருக்கிறது. மீட்டிங் நடுவில் உன் வாய்ஸ் மெசேஜ் ஸ்பீக்கரில் ஓடிவிட்டது. சாரைப் பற்றி நீ சொன்ன அந்த வார்த்தை கடைசி நாற்காலி வரை கேட்டது.

போனை எடுத்துவரச் சொன்னதே சார்தான். முடியாது என்றா சொல்வேன்? பீன்யாவிலிருந்து இங்கே அழைத்துவந்தது எங்களைப் போல் சிலரைத்தான், உனக்குத் தெரியாதா? இப்போது அது புது ரிசப்ஷனில் கண்ணாடிப் பெட்டிக்குள், மேலே விளக்கோடு இருக்கிறது. கீழே ஒரு சீட்டு: "நாம் ஒரே குடும்பமாகப் பேசிய காலம்." வருகிறவர்கள் எல்லாம் போட்டோ எடுக்கிறார்கள். அத்தனை வருஷம் என் கை பட்ட போன், ரூபி. அதற்கு ஒரு மதிப்பு வந்தால் எனக்குப் பெருமையாக இருக்கக் கூடாதா?

இந்திராநகரில் ஒரு காபி கடைக்காரர் சுவரில் மாட்ட பழைய போன்கள் தேடுகிறார். ஒன்பதையும் அங்கே கொடுத்துவிடு. கோவிந்தப்பா ஷெட்டில் உன் புது வேலை எப்படி? வேளைக்குச் சாப்பிடு. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

உன் வைஷு

*

பீன்யா
ஜூலை 3, 2025

வைஷு,

ஒயரை வெட்டிச் சுவரில் மாட்ட அவை என்ன மான் தலையா?

விஷயத்தைக் கேள். உன் பெரிய போன் எனக்கு இனி வேண்டாம்.

காக்ஸ் டவுனில் ஜோசஃபின் அக்காவின் தையல் கடை மேசையில் போன்களைப் பரப்பி, எதற்கு உயிர் இருக்கிறது என்று பேட்டரி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் போனின் ஒயரைக் கழற்ற மறந்து, அடுத்ததையும் அதே பேட்டரியில் மாட்டிவிட்டேன். அக்கா சும்மா ஒன்றைக் காதில் வைத்தவர், "ஏய், யாருடி என் காதுல மூச்சு விடுறது?" என்று கத்தினார். நான்தான். இரண்டு சின்ன போன்களும் நேராகப் பேசின. நடுவில் ரிசப்ஷன் இல்லை, நீ இல்லை, சார் இல்லை. அவற்றால் முடியாது என்று நாம் எத்தனை வருஷம் நம்பியிருக்கிறோம் பார்.

ஒரு ஜோடி அக்காவுக்கே. கீழே துணி வெட்டுகிறார்கள், மேலே தைக்கிறார்கள். இரண்டு ஜோடி ஹெப்பகோடிக்கு. கூப்பிட ஒரு காலிங் பெல்லையும் சேர்த்துக் கொடுத்தேன். முதல் நாளே லாரி வந்தது. அனுஷா என்ற பெண் கீழே இருந்து, "லாரி வந்தாச்சு, மேக்கப் போதும், இறங்குங்கடி!" என்றாள். எல்லார் குடமும் நிறைந்தது. லாரி பக்கத்தில் நின்று பார்த்தேன். கம்பெனியில் எந்தச் சம்பள நாளிலும் நான் இப்படித் தலை நிமிர்ந்து நின்றதில்லை.

நாலாவது ஜோடி எங்கள் ஷெட்டில், லேத் பக்கம் ஒன்று, கேட்டில் ஒன்று. "ஸ்வல்ப, கொஞ்சம் மெதுவா கத்தும்மா, போன் இல்லாமலே கேக்குது" என்கிறார் கோவிந்தப்பா.

ஒன்பதாவதற்கு ஜோடி இல்லை. அது மெஷின்கள் ஓடும் ஷாப் ஃப்ளோரில் இருந்த போன். உன் பெரிய போனில் அதன் பல்பு மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்ததே, நினைவிருக்கிறதா? விசிட்டர்கள் வரும்போது சிவப்பாக எரிந்தால் அசிங்கம் என்று சார் ஒட்டச் சொன்னது. பிரஸ் மெஷினில் லட்சுமம்மாவின் விரல் போன அன்று நான் எடுத்தது அந்த போனைத்தான். டேப்புக்கு அடியில் பல்பு எரிந்துகொண்டே இருந்தது. நான் படியேறி ஓடிவந்த பிறகுதான் உனக்கே தெரிந்தது. ஆட்டோ பிடித்தது நீதான், அதை மறக்கமாட்டேன். ஆனால் ஒரே குடும்பம் என்று சீட்டு எழுதியதைச் சும்மா விடமாட்டேன்.

ஒன்பதாவதை இத்துடன் அனுப்புகிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் பெரியதன் பக்கத்திலேயே வை. பெட்டிக்குள் வைக்கும்போது உரித்திருப்பீர்கள், அந்த டேப்பை அதே பல்பு மேல் திரும்ப ஒட்டு.

ரூபினி

*

பீன்யா
ஜூலை 24, 2025

வைஷு,

நாகேஷ் அண்ணா ஒவ்வொரு தடவையும் வெறும் கையோடு வருகிறார். பிடித்து நிறுத்திக் கேட்டேன்.

"குடுத்தேம்மா. பிரிச்சுப் பாத்துச்சு. அப்புறம் வண்டியில கறுப்பு டேப் இருக்கான்னு கேட்டுச்சு. இருந்தது, குடுத்தேன்."

போன் திரும்பி வரவில்லை. அந்த டேப்பைப் பல்பில் ஒட்டினாயா, இல்லை பொட்டலத்தைச் சுற்றி மேசைக்கு அடியில் தள்ளினாயா?

எட்டு போன்களும் பேசுகின்றன. ஹெப்பகோடிப் பெண்கள் இப்போது குழம்பில் உப்பு போட்டாயா என்று கேட்பதற்கும் மணி அடிக்கிறார்கள். பக்கத்துக் கட்டிடத்திலிருந்தும் ஆள் அனுப்பி, எங்களுக்கும் வேண்டும் என்கிறார்கள். அவற்றுக்கு வீடு தேடியது நான். ஒன்பதாவதன் வீடு உன் கையில்.

வருகிறவர்கள் எல்லாம் போட்டோ எடுக்கிறார்கள் என்று எழுதினாய். நீயும் அந்தப் பெட்டியை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

ரூபினி

*

பீன்யா
ஆகஸ்ட் 21, 2025

வைஷு,

போட்டோ அனுப்பு.

ரூபினி