புதுத் தொட்டியில் முதல் தலை

ஏப்ரல் 6, 1663

கோயிலில் ஞானஸ்நானத் தொட்டியை நிறுத்திவிட்டார்கள். ராஜாவும் பார்லிமெண்டும் போட்ட சண்டைக் காலத்தில் சிப்பாய்கள் பழையதை உடைத்ததிலிருந்து ஈயக் கிண்ணம்தான். இந்தக் கல் என் வண்டியில் வந்தது. வழியெல்லாம் குதிரையைத் திட்டினேன், கல்லைத் திட்டினேன், மேடு வந்ததும் என்னையே திட்டிக்கொண்டேன். இன்று பார்த்தால் எட்டுப் பக்கம். ஒன்றில் ரோஜா, ஒன்றில் இந்த ஆண்டு, ஒன்றில் சிறகு முளைத்த குழந்தைத் தலை. அதன் கன்னம் உப்பியிருக்கிறது, இப்போதுதான் பால் குடித்து முடித்தது போல. வெகுநேரம் நின்றேன். இதையா திட்டினேன்?

ஏப்ரல் 9

மகள் பிறந்தாள். என் உள்ளங்கையில் அடங்குகிறாள். மூச்சு இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டு, பெற்ற களைப்பில் கிடந்த உர்சுலாவைத் தூங்கவிடவில்லை. "அவ நல்லாத்தான் இருக்கா. மொதல்ல நீங்க மூச்சு விடுங்க," என்றாள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

போதகர் மெட்காஃப் குழந்தைகளைக் கொண்டுவரச் சொன்னார். யாரும் அசையவில்லை. புதுத் தொட்டியில் முதலில் நனையும் பிள்ளை தங்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மாவு மில் ரோலண்ட் இவ்வளவு மரியாதை தெரிந்தவர் என்று இன்றுதான் கண்டேன்.

"கல்லைக் கொண்டாந்தவன் நீ, ஒபதியா. உரிமை உனக்குத்தான்."

"உங்க பையன் மூத்தவன் அண்ணே. அவன விட்டுட்டு எப்படி?"

"பொண்ணு போகட்டும்ப்பா."

"மில்காரருக்கு முன்னாடி வண்டிக்காரன் நிக்கலாமா?"

போதகர் புத்தகத்தை மூடிவிட்டார்.

ஏப்ரல் 14

பால் குடிக்கவில்லை.

ஏப்ரல் 15

கொஞ்சம் குடித்தாள். ஞானஸ்நானத்தை வீட்டிலேயே செய்யலாமா என்று போதகரைக் கேட்டேன். சாகக் கிடந்தால் மட்டும்தானாம். மற்றதெல்லாம் மூடநம்பிக்கை என்றார். எனக்கும் தெரியும். தெரிந்தவன் ஏன் தொட்டிலை விட்டு நகர மாட்டேன் என்கிறேன்?

உர்சுலா அழுதாள். "ஞானஸ்நானம் இல்லாமப் போயிட்டா கோயில் நெலத்துல எடம்கூடத் தரமாட்டாங்க. கொண்டுபோகவும் பயமா இருக்கு. நான் என்னதான் பண்ணட்டும்?"

ஏற்கெனவே ஒரு பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தவர்கள் நாங்கள். கடவுளே, எதைச் செய்தாலும் தப்பா—

ஏப்ரல் 17

போதகரிடம் போனேன். "ஐயா, எனக்கு நடக்கவே இல்ல."

"என்ன நடக்கல?"

"ஞானஸ்நானம். வளந்தவங்களுக்குத்தான் குடுக்கணும்னு சண்டை போட்ட கூட்டம் எங்கப்பா. நான் வளர்றதுக்குள்ள போய்ச் சேந்துட்டார்."

போதகர் உட்கார்ந்துவிட்டார். "அப்ப கல்யாணம்?"

"ராஜா இல்லாத அந்தக் காலத்துல நீதிபதிதானே கட்டி வச்சார். அவர் கேக்கல."

புது ஜெபப்புத்தகத்தில் வளர்ந்தவர்களுக்கென்றே ஒரு முறை சேர்த்திருக்கிறார்களாம். "விசுவாசத்துல கேக்கறியா, பயத்துல கேக்கறியா?" என்றார்.

"ரெண்டும் இருக்குங்க. பிரிச்சுத் தரத் தெரியல."

வீட்டில் வந்து சொன்னேன். "மொதல்ல நனஞ்சு நீங்க செத்துட்டா?" என்றாள் உர்சுலா. வண்டி நிற்காது, குதிரைக்கு வழி தெரியும் என்றேன். அடிக்க வந்தாள். பிறகு என் சட்டையைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள்.

ஏப்ரல் 19, ஈஸ்டர்

ஊரே பார்க்கக் குனிந்தேன். இரு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீருக்கடியில் உளித் தடங்கள் மணலில் காற்று போனது போல அசைந்தன. நான் வண்டியில் இழுத்து வந்த பாரம் என்னைத் தாங்கியது. தண்ணீர் தலையில் விழுந்தபோது என்ன நடந்தது என்று எழுதத் தெரியவில்லை. பயம் இருந்த இடத்தைத் தேடினேன், அங்கே பெரிதாக வேறென்னவோ இருந்தது. தண்ணீர் காதுக்குள்ளும் போயிற்று.

இரண்டாவதாக வர ரோலண்ட் பையனோடு பாய்ந்தார். "வரிசைல நில்லுங்க அண்ணே," என்றாள் உர்சுலா.

இரண்டாவது தலை மகளுடையது. அலிசன். பெயர் வைத்தாயிற்று.

மே 3

எனக்கு இருமல். ஊரே அன்பாக நலம் விசாரிக்கிறது. சவப்பெட்டி செய்யும் தச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார், கண்ணாலேயே அளவெடுப்பது போல.

செப்டம்பர் 20

அலிசனுக்குக் கீழ்ப்பல் ஒன்று எட்டிப் பார்க்கிறது. எழுதுகிற விரலைக் கடித்துவிட்டாள். நன்றாகவே வலிக்கிறது. எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான்.